அளவுகோல் யாருடையது? வெளிநாடு செல்லும் நம் மாணவர்களின் ஆங்கில எழுத்தும் அதன் மதிப்பீடும்



இந்த நினைவுச் சொற்பொழிவில் வழக்கமாக இலக்கியம் பேசுவோம். இல்லையென்றால் நிலம், வன்கொடுமை, இடஒதுக்கீடு பற்றிப் பேசுவோம். இந்த ஆண்டு ஆங்கிலக் கட்டுரையைப் பற்றிப் பேச எடுத்துக்கொண்டிருக்கிறோம். குற்றாலச் சாரலில் உட்கார்ந்துகொண்டு ஆங்கிலக் கட்டுரையா என்று சில தோழர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்கான பதிலிலிருந்தே தொடங்குகிறோம்.

தென்காசி, சங்கரன்கோவில், செங்கோட்டை வட்டாரங்களில் பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும், எலுமிச்சைத் தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் கூலிக்குப் போகும் வீடுகளிலிருந்தும் முதல் தலைமுறையாகப் பட்டம் பெற்றவர்கள் வந்துவிட்டார்கள். அவர்களில் சிலர் வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கிறார்கள். பணத்துக்கு வழியும் ஓரளவு இருக்கிறது. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைத் திட்டம் 1954-55 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் ஆண்டுக்கு 125 இடங்கள். 115 இடங்கள் பட்டியல் சாதியினருக்கு. மாநில ஆதிதிராவிடர் நலத்துறை அண்ணல் அம்பேத்கர் பெயரில் தனியாக வெளிநாட்டு உயர்கல்வி உதவித்தொகை வழங்குகிறது. ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆனால் இவற்றைப் பெற வேண்டுமானால் முதலில் ஒரு பல்கலைக்கழகம் இடம் தர வேண்டும். பல்கலைக்கழகம் இடம் தர வேண்டுமானால் பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ், டோஃபல் போன்ற ஆங்கிலத் தேர்வில் குறிப்பிட்ட மதிப்பெண் காட்ட வேண்டும்.

அந்தத் தேர்வில் பலர் தடுக்கி விழும் இடம் எழுத்துப் பகுதி. ஆகவே அண்ணல் பெயரிலான உதவித்தொகைக்கும் சேரியில் இருக்கும் மாணவிக்கும் நடுவில் ஓர் இருநூற்றைம்பது சொல் கட்டுரை நிற்கிறது. அதை யார், எந்த அளவுகோலால், எந்தப் பண்பாட்டில் நின்றுகொண்டு அளக்கிறார்கள் என்பது சமூகநீதிக் கேள்விதான்.

தேர்வு எப்படி அளக்கிறது

பலருக்கும் தெரிந்த ஐஇஎல்டிஎஸ் தேர்வையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் கவுன்சில், ஐடிபி, கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று அமைப்புகளும் சேர்ந்து நடத்தும் தேர்வு இது. 1989 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. எழுத்துப் பகுதிக்கு 60 நிமிடம். உயர்கல்விக்கான தாளில் முதல் வினா, ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ குறைந்தது 150 சொற்களில் விளக்குவது. இரண்டாவது வினா, பொதுவான ஒரு கேள்விக்குக் குறைந்தது 250 சொற்களில் கட்டுரை. இரண்டாவது வினாவுக்கு இருமடங்கு எடை.

மதிப்பிடுபவர் நான்கு பார்வையில் மதிப்பெண் இடுகிறார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியிருக்கிறதா? கருத்துகள் ஒன்றோடொன்று கோவையாக வருகின்றனவா? சொல்வளம் எப்படி? இலக்கணம் எப்படி? நான்குக்கும் சம எடை. மொத்த அளவு 0 முதல் 9 வரை. பல பல்கலைக்கழகங்கள் 6.5 அல்லது 7 கேட்கின்றன. எழுத்துக்கென்று தனியாகக் குறைந்தபட்ச மதிப்பெண்ணும் வைக்கின்றன. அரை மதிப்பெண் குறைந்தால் ஓர் ஆண்டு போய்விடும்.

இந்த முறையில் நமக்குச் சாதகமான ஒன்றும் உண்டு; அதை முதலில் சொல்லிவிடுவது நேர்மை. விடைத்தாளைத் திருத்துபவருக்கு நம் ஊர் தெரியாது, தெரு தெரியாது, அப்பா பெயரை வைத்து ஆளை எடைபோடவும் முடியாது. நம் நாட்டில் உள்மதிப்பீடும் வாய்மொழித் தேர்வும் எப்படி நடக்கின்றன என்பது இங்கிருக்கும் மாணவர்களுக்குத் தெரியும். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் எதிர்கொள்ளும் பாகுபாட்டை விசாரித்த தோரட் குழு 2007இல் அளித்த அறிக்கையில் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. பெயர் மறைத்த தாள் என்பது நமக்குச் சிறிய பாதுகாப்பு அல்ல.

ஆனால் பெயரை மறைத்தாலும் எழுத்துக்குள் ஊர் இருக்கும், பள்ளிக்கூடம் இருக்கும், யாரிடம் எப்படிப் பேசப் பழக்கப்பட்டோம் என்பது இருக்கும். அளவுகோல் அதைத்தான் தொடுகிறது.

நேர்கோடும் சுருளும்

பண்பாட்டுக்கும் ஆங்கில எழுத்துக்கும் உள்ள உறவைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஆய்வு நடக்கிறது. 1966இல் ராபர்ட் கப்லான் என்ற அமெரிக்க மொழியியலாளர், வெளிநாட்டு மாணவர்கள் எழுதிய ஆங்கிலக் கட்டுரைகளைப் படித்து ஒரு கட்டுரை எழுதினார். ஒவ்வொரு மொழிக் குடும்பத்தாரும் கருத்தை எப்படி நகர்த்துகிறார்கள் என்பதைச் சிறு படங்களாக வரைந்தார். ஆங்கிலத்துக்கு மேலிருந்து கீழே இறங்கும் நேர்கோடு. கீழை மொழிகளுக்கு உள்நோக்கிச் சுழலும் சுருள். மற்றவற்றுக்கு வளைவுகளும் கிளைகளும். ஆசிரியப் பயிற்சி வகுப்புகளில் இந்தப் படங்கள் பெரும்புகழ் பெற்றன.

கப்லானின் நோக்கம் இழிவுபடுத்துவது அல்ல. மாணவர் தவறாக எழுதுவது அறிவுக் குறைவால் அல்ல, வேறு பழக்கத்தால் என்று ஆசிரியருக்குச் சொல்லத்தான் முயன்றார். ஆனால் விளைவு வேறாக இருந்தது. ஆங்கிலேயர் நேராகச் சிந்திப்பவர், ஆசியர் சுற்றிச் சுற்றிச் சிந்திப்பவர் என்று படம் பேசத் தொடங்கிவிட்டது. அந்நிய மொழியில் தடுமாறி எழுதிய ஒரு கட்டுரையை வைத்து ஒரு சமூகத்தின் சிந்தனை வடிவத்தை எப்படி முடிவு செய்வது என்று பலர் கேட்டார்கள். கப்லானே பின்னாளில் தன் வாதத்தின் வேகத்தைக் குறைத்துக்கொண்டார்.

1987இல் ஜான் ஹைண்ட்ஸ் கொஞ்சம் பயனுள்ள வேறுபாடு ஒன்றைச் சொன்னார். ஆங்கிலத்தில், புரியவைக்கும் பொறுப்பு எழுதுபவருடையது. வாசகருக்குப் புரியவில்லை என்றால் குற்றம் எழுத்தாளர் மேல் விழும். ஜப்பானிய மொழி போன்றவற்றில் சொல்லாமல் விட்டதைப் புரிந்துகொள்ளும் பொறுப்பு பெரிதும் வாசகருடையது. இது எல்லா இடத்திலும் பொருந்தாவிட்டாலும் நம் மாணவர்களுக்கு மிகவும் உதவும். பின்னால் இதற்கு வருவோம்.

மதிப்பிடுபவரின் பண்பாடு மதிப்பெண்ணை மாற்றுமா? 2001இல் லிங் ஷி வெளியிட்ட ஆய்வு ஒன்று இதைச் சோதித்தது. சீன மாணவர்கள் எழுதிய 10 ஆங்கிலக் கட்டுரைகளை 23 சீன ஆசிரியர்களிடமும், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட 23 ஆசிரியர்களிடமும் கொடுத்தார். இரு தரப்பும் இட்ட மதிப்பெண்களில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் காரணங்கள் வேறு. ஆங்கில ஆசிரியர்கள் உள்ளடக்கத்தையும் மொழியையும் பாராட்டி எழுதினார்கள். சீன ஆசிரியர்கள் அமைப்பிலும் நீளத்திலும் குறை கண்டார்கள். மதிப்பெண் ஒன்றாக இருந்தாலும் மாணவருக்குக் கிடைக்கும் பாடம் ஒன்றாக இருப்பதில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது. எண்ணை மட்டும் சொல்லிவிட்டுக் காரணத்தைச் சொல்லாத தேர்வு, மாணவரை இருட்டில் விடுகிறது.

‘நம் பண்பாடு’ எது?

இந்த ஆய்வுகளில் ‘இந்தியப் பண்பாடு’, ‘ஆசியப் பண்பாடு’ என்று பேசுவார்கள். பணிவு, மூத்தோர் சொல்லை மீறாமை, கருத்தை நேராகச் சொல்லாமல் சுற்றிச் சொல்லுதல் ஆகியவை நம் பண்பாடாம். மேலை நாட்டு ஆசிரியர் இதை மதித்து நடக்க வேண்டும் என்று நல்ல மனம் கொண்டவர்கள் சொல்கிறார்கள். இங்கே தலித் மாணவர்களாகிய நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். எந்தப் பணிவு? யாருக்கு முன்னால் பணிவு?

நம் பள்ளிகளில் ஒரு பிள்ளை முதன்முதலாக ஆங்கிலத்தில் முழுதாக எழுதக் கற்பது விடுப்புக் கடிதம். காய்ச்சலால் அவதிப்படுவதாகச் சொல்லி, தயவுகூர்ந்து விடுப்பு அளிக்கும்படி வேண்டி, கடைசியில் ‘யுவர்ஸ் ஒபீடியன்ட்லி’ என்று முடிப்போம். தங்களுக்குக் கீழ்ப்படிந்தவன் என்று பொருள். அடுத்துக் கற்பது மனு எழுதுவது. ‘சமூகத்திற்கு’ என்று தொடங்கி, ‘பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்’ என்று முடியும் மனு. இது சங்க காலத்திலிருந்து வந்த தமிழ்ப் பணிவு அல்ல. தன்னை மிகவும் கீழ்ப்படிந்த பணியாள் என்று குறிப்பிட்டுக் கையெழுத்திடுவது ஆங்கிலேய அதிகாரிகளின் அலுவலக மரபு. அது கச்சேரி வழியாக நமக்கு வந்தது. ஏற்கெனவே இங்கிருந்த சாதிப் பணிவோடு சேர்ந்து கெட்டிப்பட்டது. ஆங்கிலேயர் கைவிட்ட பிறகும் நம் பள்ளிகள் கைவிடவில்லை.

இப்படிப் பத்தாண்டு பழகிய மாணவரிடம் ஐஇஎல்டிஎஸ் தாள் கேட்கிறது: ‘நீ இதை எந்த அளவுக்கு ஏற்கிறாய்?’ மதிப்பீட்டு விதியில், நல்ல மதிப்பெண் பெற, கட்டுரை முழுவதும் ஒரு தெளிவான நிலைப்பாடு தெரிய வேண்டும் என்று இருக்கிறது. நம் மாணவர் இரு பக்க நன்மை தீமைகளையும் சமமாக அடுக்கிவிட்டு, எல்லாவற்றிலும் நல்லதும் உண்டு கெட்டதும் உண்டு என்று முடிக்கிறார். தன் கருத்தைக் கேட்டிருந்தும் அதைச் சொல்லாமல் விடுகிறார். மதிப்பிடுபவர் அதைத் தர்க்கக் குறைவு என்று பார்க்கிறார். ஆய்வாளர் பண்பாட்டு வேறுபாடு என்று பார்க்கிறார். நாம் பார்ப்பது, பெரியவர்கள் முன்னால் தன் கருத்தைச் சொன்னால் என்ன நடக்கும் என்று பிள்ளைக்குச் சமூகம் சொல்லிக்கொடுத்த பாடத்தை. அதைப் பாதுகாக்க வேண்டிய மரபு என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் எழுத்து மரபே சுற்றி வளைப்பதுதான் என்பதும் சரியல்ல. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூல், ஒரு நூலில் வரக்கூடாத பத்துக் குற்றங்களைப் பட்டியலிடுகிறது. சொன்னதையே திரும்பச் சொல்வது குற்றம். தொடங்கியதை விட்டு வேறொன்றை விரித்துக்கொண்டு போவது குற்றம். முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது குற்றம். இன்றைய ஆங்கிலத் தேர்வின் மதிப்பீட்டு விதிகளை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பாதிக்கு மேல் ஒத்துப்போகும். நேர்கோடு ஆங்கிலேயரின் தனிச்சொத்து அல்ல. அந்த நன்னூலைக் கற்பித்த திண்ணையில் நம் முன்னோரை உட்கார விட்டார்களா என்பது வேறு கேள்வி.

உட்கார விடாத நிலையிலும் வாதிட்டு எழுதியவர்கள் நம்மிடம் இருந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1893இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். அயோத்திதாசப் பண்டிதர் 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். கேள்வி எழுப்பி, சான்று வைத்து, எதிர்க்கருத்தை மறுத்து எழுதிய பக்கங்கள் அவை. எனவே வெளிநாட்டு ஆசிரியர் ஒருவர் ‘உங்கள் பண்பாட்டில் வாதிடும் பழக்கம் இல்லை, அதனால் பரவாயில்லை’ என்று இரக்கம் காட்டினால், அந்த இரக்கம் நமக்கு வேண்டாம். நம் மரபு வாதிடும் மரபு.

ஒரே சொல், இரண்டு பொருள்

இனி சொல்வளத்துக்கு வருவோம். ஒரு சொல்லின் பொருள் யாருக்குத் தெரியும் என்பதிலும் அதிகாரம் இருக்கிறது.

‘காலனி’ என்ற சொல்லைப் பாருங்கள். ஆங்கிலேயருக்கு அது குடியேற்ற நாடு. நகரத்துத் தமிழருக்கு வங்கி ஊழியர் குடியிருப்பு. நம் ஊர்ப் பக்கம் காலனி என்றால் நாம் வாழும் தெரு. ஊருக்கு வெளியே இருப்பது. அந்தச் சொல் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து அது நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். ‘கம்யூனிட்டி’ இன்னொன்று. நம் ஆங்கிலத்தில் அதற்குச் சாதி என்று பொருள். சான்றிதழிலேயே அப்படித்தான் இருக்கிறது. பிரிட்டனில் அதற்கு அக்கம்பக்கத்தார், ஒன்றுகூடி வாழ்வோர் என்று இதமான பொருள்.

‘சுற்றுலா ஓர் ஊருக்கு நன்மையா, தீமையா?’ என்பது போன்ற தலைப்புகள் இத்தேர்வுகளில் அடிக்கடி வரும். சொந்த அனுபவத்திலிருந்து எடுத்துக்காட்டுத் தரும்படி வினாவே சொல்லும். குற்றாலத்துப் பக்கமுள்ள மாணவி ஒருவர் இதற்கு எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘சீசனில் லட்சக்கணக்கானவர்கள் குளிக்க வருகிறார்கள். எங்கள் காலனி ஆட்கள்தான் குப்பை அள்ளுகிறார்கள். அது எங்கள் கம்யூனிட்டி வேலை.’ நமக்கு இந்த மூன்று வாக்கியங்களில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது. தூரத்தில் உட்கார்ந்து படிப்பவருக்கோ, குடியேற்ற நாட்டு மக்கள் ஊர்ப்பொதுச் சேவையாகக் குப்பை பொறுக்குகிறார்கள் என்பது போலப் புரியும். நல்லெண்ணத் தொண்டு என்றுகூட நினைக்கலாம். கொடுமை பாராட்டாக மாறிவிடுகிறது. சொல் தவறு, தொடர்பு தெளிவில்லை என்று மதிப்பெண் குறையும்.

இங்கேதான் ஹைண்ட்ஸ் சொன்னது உதவுகிறது. நம் ஊரில் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் தெரியும், தெரிந்தும் பேசமாட்டார்கள். அங்கே விளக்கினால்தான் உண்டு. அதே மாணவி இப்படித் தொடங்கலாம்: ‘சுற்றுலா வருமானம் தருகிறது, ஆனால் அதன் சுமை எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை.’ இது நிலைப்பாடு. அடுத்து: ‘எங்கள் ஊரில் தலித்துகள் ஊருக்கு வெளியே தனிக் குடியிருப்பில் வாழ்கிறார்கள், பொது இடங்களைத் துப்புரவு செய்யும் வேலை பிறப்பின் அடிப்படையில் அவர்கள்மேல் சுமத்தப்படுகிறது.’ இது விளக்கம். பிறகு சீசன் நாட்களில் அந்த வேலை எவ்வளவு பெருகுகிறது, வருமானம் யாருக்குப் போகிறது என்பது சான்று. செய்தி ஒன்றுதான். இப்போது மதிப்பெண்ணும் கிடைக்கும், உண்மையும் போய்ச் சேரும்.

2022 செப்டம்பரில் சங்கரன்கோவில் அருகே பாஞ்சாகுளத்தில், ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்று சொல்லி தலித் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த காணொளியை நாம் எல்லோரும் பார்த்தோம். ‘ஊர்க் கட்டுப்பாடு’ என்பதை ஆங்கிலத்தில் ஒரு சொல்லில் எழுத முடியாது. கிராமக் கட்டுப்பாடு என்று மொழிபெயர்த்தால் ஏதோ ஊராட்சி விதி போல இருக்கும். ஆதிக்கச் சாதியினர் கூடி எடுக்கும் சமூகப் புறக்கணிப்பு முடிவு என்று ஒரு வரி எழுதித்தான் ஆக வேண்டும். அப்படி விளக்கி எழுதும் திறமை தேர்வுக்கும் வேண்டும், இயக்கத்துக்கும் வேண்டும்.

யாழ்ப்பாணம் தரும் பாடம்

பண்பாடுதான் எழுத்தைத் தீர்மானிக்கிறது என்ற கருத்துக்கு நல்ல மறுப்பு ஒரு தமிழரிடமிருந்தே வந்தது. சுரேஷ் கனகராஜா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர்; பிறகு அமெரிக்காவில் பேராசிரியர் ஆனார். 2002இல் வெளிவந்த தன் நூலில், போர்க்கால யாழ்ப்பாணத்தில் தாளுக்கே தட்டுப்பாடு இருந்தபோது மேலை ஆய்விதழ்கள் கேட்ட வடிவத்தில் கட்டுரை அனுப்புவது எவ்வளவு கடினம் என்று விளக்குகிறார். அறிவு இருந்தும் வடிவம் இல்லாததால் ஒதுக்கப்படுவது என்ன என்பதை அந்த நூலில் பார்க்கலாம்.

2006இல் அவர் எழுதிய ஒரு கட்டுரை நமக்கு இன்னும் முக்கியம். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பியின் எழுத்துகளை அவர் ஆராய்ந்தார். ஒன்று உள்ளூர் வாசகருக்குத் தமிழில் எழுதியது. இன்னொன்று உள்ளூர் வாசகருக்கு ஆங்கிலத்தில் எழுதியது. மூன்றாவது வெளிநாட்டு ஆய்விதழுக்கு ஆங்கிலத்தில் எழுதியது. மூன்றிலும் தொடக்கம் வேறு, தொனி வேறு, வாதத்தை நிறுத்தும் முறை வேறு. எழுதியவர் ஒருவரே, அவருடைய பண்பாடும் ஒன்றே. மாறியது வாசகர். ஆக, எழுத்தாளர் தன் தாய்மொழியின் கைதி அல்ல. யாருக்கு எழுதுகிறோம் என்று பார்த்து வடிவத்தைத் தேர்ந்தெடுப்பவர். இதைக் கற்றுக்கொள்ள முடியும், கற்பிக்கவும் முடியும்.

அண்ணல் வளைந்ததும் வளையாததும்

வெளிநாட்டில் படித்த இந்திய மாணவர்களில் நமக்கு நெருக்கமானவர் அண்ணல். அவரையும் இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

பரோடா மன்னர் தந்த உதவித்தொகையில் 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1916 மே 9 அன்று, 25 வயதில், கோல்டன்வைசரின் மானிடவியல் கருத்தரங்கில் ‘இந்தியாவில் சாதிகள்’ என்ற கட்டுரையைப் படித்தார். சாதி என்றால் என்னவென்று அறியாத அவையில் படித்த கட்டுரை அது. செனார்ட், நெஸ்ஃபீல்டு, ரிஸ்லி, கேட்கர் ஆகியோரின் வரையறைகளை ஒவ்வொன்றாக எடுத்துவைத்து, எங்கே குறை என்று காட்டி, அகமணம்தான் சாதியின் சாரம் என்ற தன் முடிவை நிறுவினார். மதிப்பீட்டு விதிகள் கேட்கும் நிலைப்பாடு, கோவை, சான்று, மறுப்பு எல்லாம் அதில் இருக்கின்றன. மேற்கோள் காட்டுவதற்கும் பிறர் கருத்தைத் தன்னுடையதாகக் காட்டுவதற்கும் உள்ள வேறுபாடும் அதில் தெளிவாக இருக்கிறது. கைடில் உள்ள விடையை அப்படியே எழுதினால் மதிப்பெண் என்று பழகிய நம் மாணவர்கள் பலர் வெளிநாட்டில் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டில் மாட்டுகிறார்கள். அவர்கள் முதலில் படிக்க வேண்டிய பாடநூல் இதுதான்.

இரண்டாவது நிகழ்வு லண்டனில். ரூபாயின் சிக்கல் பற்றிய ஆய்வேட்டை அண்ணல் 1922 அக்டோபரில் லண்டன் பொருளியல் பள்ளியில் அளித்தார். 1923 மார்ச்சில் அதற்குத் தடை வந்தது. பிரிட்டிஷ் அரசின் நாணயக் கொள்கையைக் கடுமையாக விமர்சித்ததே காரணம் என்று வாழ்க்கை வரலாற்று ஆசிரியர்கள் கருதுகிறார்கள். அவர் திருத்தி ஆகஸ்டில் மீண்டும் அளித்தார், நவம்பரில் ஏற்கப்பட்டது. நூலாக வந்தபோது அவருடைய ஆசிரியர் எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். மாணவரின் பெரும்பாலான வாதங்களைத் தான் ஏற்கவில்லை என்று அதிலேயே சொல்லிவிட்டு, அந்தச் சிந்தனையின் புதுமையைப் பாராட்டினார். நல்ல மதிப்பீட்டாளர் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இது எடுத்துக்காட்டு. கருத்தோடு உடன்படாமலே எழுத்தின் தகுதியை ஏற்கலாம்.

மூன்றாவது 1936இல். லாகூரில் ஜாத் பாத் தோடக் மண்டல் மாநாட்டுக்குத் தலைமையுரை எழுதினார். அதில் சில பகுதிகளை மாற்றும்படி கேட்டார்கள். அவர் மறுத்தார். மாநாடே நின்றது. உரையைத் தன் செலவில் அச்சிட்டு வெளியிட்டார். அதுதான் ‘சாதி ஒழிப்பு’.

ஆய்வேட்டைத் திருத்தினார், உரையைத் திருத்தவில்லை. திருத்திய பிறகும் ஆய்வேட்டின் அடிப்படை வாதம் நின்றது. உரையில் மாற்றச் சொன்னதோ வாதத்தையே. வடிவத்தில் வளையலாம், முடிவில் வளையக்கூடாது என்பதை நம் மாணவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பின்னணியில் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். 2022இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையின் விதிகளை ஒன்றிய அரசு மாற்றியது. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, இந்தியா பற்றிய சமூக ஆய்வுகள் ஆகிய பொருள்களில் படிக்க இனி உதவித்தொகை இல்லை. அண்ணல் கொலம்பியாவில் படித்த கட்டுரையின் பொருளை இன்று ஒரு தலித் மாணவர் இந்த உதவித்தொகையில் ஆய்வு செய்ய முடியாது. எப்படி எழுத வேண்டும் என்று அங்கே அளக்கிறார்கள். எதை எழுதக்கூடாது என்று இங்கேயே தடுத்துவிடுகிறார்கள்.

இயந்திரம் அளக்கும்போது

இப்போது அளப்பவர் மனிதராக மட்டும் இருப்பதில்லை. மாணவர் எழுதியதா, செயற்கை நுண்ணறிவு எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் பல பல்கலைக்கழகங்களுக்கு வந்துவிட்டன. 2023இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய 91 டோஃபல் கட்டுரைகளைக் கொடுத்தபோது, சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியவை என்று கருவிகள் சொல்லின. அமெரிக்க எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் கட்டுரைகளை ஏறக்குறைய எல்லாம் சரியாகவே கண்டுகொண்டன. எளிய, பழகிய சொற்களையே பயன்படுத்தினால் அது இயந்திரத்தின் எழுத்து என்பது கருவியின் கணக்கு. இரண்டாவது மொழியில் கவனமாக, தெரிந்த சொற்களை மட்டும் வைத்து எழுதுவது நம் பிள்ளைகளின் வழக்கம். உழைத்து எழுதியவருக்கே திருட்டுப் பட்டம் வருகிறது. இதற்கு நம்மிடம் இருக்கும் பாதுகாப்பு ஒன்றுதான்: குறிப்புகள், முதல் வரைவு, இரண்டாம் வரைவு எல்லாவற்றையும் தேதியோடு வைத்திருப்பது.

செய்ய வேண்டியவை

மாணவர்களுக்கு முதலில். வார்ப்புக் கட்டுரைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாட வரிகளைக் கண்டுபிடிக்க மதிப்பிடுபவர்களுக்குப் பயிற்சி உண்டு. தலைப்பைப் பார்த்ததும் உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் தமிழில் எழுதுங்கள். அந்த வாக்கியம் வராவிட்டால் ஆங்கிலம் வந்தும் பயனில்லை. நம் ஊர்ச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம் எழுதிப் பழகுங்கள். மதிப்பெண் நியாயமில்லை என்று தோன்றினால், தேர்வு நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கலாம். மதிப்பெண் மாறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். கணினித் தேர்வு எழுதியவர்கள் எழுத்துப் பகுதியை மட்டும் ஒருமுறை மீண்டும் எழுதும் வசதியும் இருக்கிறது. அதை நீங்கள் விண்ணப்பிக்கும் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு, ஒவ்வொரு கட்டுரைக்கும் மதிப்பீட்டு விதி என்ன என்று ஆசிரியரிடம் முன்கூட்டியே கேளுங்கள். கேட்பது அவமரியாதை அல்ல, அங்கே அது மாணவர் உரிமை.

அரசுக்கு. தேர்வுக் கட்டணமே பதினேழாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டது. மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். இரண்டாம் முறை எழுத ஒரு பீடித் தொழிலாளி எங்கே போவார்? கட்டணத்தை ஆதிதிராவிடர் நலத்துறை ஏற்க வேண்டும். வாதிட்டு எழுதும் பயிற்சி நலவிடுதிகளிலேயே, பிளஸ் டூ முதலே தொடங்க வேண்டும். 2022இன் பாடத்தடை நீக்கப்பட வேண்டும்.

நம் அமைப்புகளுக்கு. வாரம் ஒருமுறை ஒரு பக்கம். முதல் வாரம் தமிழில் நம் ஊர் வாசகருக்கு. அடுத்த வாரம் அதே செய்தி ஆங்கிலத்தில், நம்மைத் தெரியாத ஒருவருக்கு. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்து, எங்கே புரியவில்லை என்று மட்டும் குறிக்க வேண்டும். இதற்குக் கட்டடமும் வேண்டாம், நிதியும் வேண்டாம். தென்காசியிலும் குற்றாலத்திலும் இரண்டு இடங்களில் இந்தச் சொற்பொழிவுக்குப் பின் தொடங்கலாம் என்று இருக்கிறோம். கல்லூரி மாணவிகள் முன்வந்தால் அவர்களே நடத்தட்டும்.

வெளிநாட்டு ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. இந்த உரை ஆங்கிலமாகும்போது அவர்கள் படிக்கட்டும். எங்கள் மாணவர்களுக்காக அளவுகோலைத் தாழ்த்த வேண்டாம். அளவுகோல் என்னவென்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். எண்ணோடு காரணத்தையும் எழுதுங்கள். புரியாத ஒரு சொல் வந்தால் தவறு என்று கோடிடும் முன், அதன் பொருள் என்னவென்று ஒரு கேள்விக்குறி போடுங்கள். பதில் எழுத எங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்.